ஓய்வு சேர்ந்த தூரம்: அரபுப் பயண நூல்களும் திருப்பூர்க் கணக்கும்

இப்னு பதூதாவின் பயண நூலைத் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே நாடி வந்திருக்கிறோம். மஅபர் என்று அரபியர் வழங்கிய நமது கிழக்குக் கரையையும் மதுரை சுல்தானியத்தையும் பற்றி அவர் கூறுவன வரலாற்றுச் சான்றாகின்றன என்பது ஒன்று. டாஞ்சியரிலிருந்து புறப்பட்ட ஒரு முஸ்லிம் சீனம் வரை சென்று மீண்டார் என்னும் செய்தி நமக்குப் பெருமிதம் தருகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டு வாசிப்புகளிலும் பிழையில்லை. ஆயினும், 'ரிஹ்லா' என்னும் பயண இலக்கிய வகையின் உயிர்ப்பான கூறு ஒன்று இவற்றுக்கிடையே கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையே எத்தனை நாள் வழி என்பதை அந்நூல்கள் பக்கந்தோறும் சொல்லிச் செல்கின்றன. அந்த நாட்கணக்கை நாம் வெறுந்தகவலாகக் கருதிக் கடந்துவிடுகிறோம். நூலாசிரியரின் அறநோக்கு மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் அந்த நாட்கணக்கே என்பது நமது கருத்து. அதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குத் திருப்பூரை உரைகல்லாகக் கொள்கிறோம். தொலைதூர நகரங்களுக்கும் தனக்கும் இடையிலான நாட்களை எண்ணியே வாழும் ஊர் தமிழகத்தில் ஒன்றுண்டு என்றால் அது திருப்பூர். அவ்வூரின் பின்னலாடைத் தொழிலுக்கு 1925ஆம் ஆண்டு குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ் தோற்றுவாயாகச் சொல்லப்படுகிறது. அந்நாளில் பனியன் தொழிலில் முன்னின்ற நகரம் கல்கத்தா. திருப்பூர் அதனைப் பார்த்துக் கற்றுக்கொண்ட சிற்றூர். 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர் வரத் தொடங்கினர். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. அதன்பின் ஹாம்பர்க், ராட்டர்டாம், நியூயார்க் என்னும் பெயர்கள் அவ்வூரின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன. அந்நகரங்களைக் கண்ணால் கண்டவர் அங்கே சிலரே. ஆனால் அவற்றுக்குச் சரக்கு போய்ச்சேர எத்தனை நாள் ஆகும் என்பதை அறியாதவர் அரிது.

அளவுச் சொற்களுக்குள் மனித உடல்

தூரத்தைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பலவும் மனித உடலிலிருந்து பிறந்தவை. தமிழில் 'கூப்பிடு தூரம்' என்பது ஒருவர் குரல் எட்டும் அளவு. 'நாழிகைவழி' என்பது 24 நிமிடத்தில் ஒருவர் நடந்து கடக்கும் வழி. குரலும் காலும் இல்லாமல் இச்சொற்களுக்குப் பொருளில்லை. அரபியிலும் இவ்வாறே. மன்ஸில் என்பது வாகனத்தினின்று இறங்கித் தங்கும் இடம். மர்ஹலா என்பது ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்த தங்குமிடம் வரையிலான ஒரு நாள் வழி. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாஸிய அரசின் அஞ்சல் துறையில் பொறுப்பு வகித்த இப்னு குர்தாத்பிஹ், 'வழிகளும் நாடுகளும்' என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய நூல் இத்தகைய அளவுகளால் நிறைந்தது. பத்தாம் நூற்றாண்டின் அல்முகத்தஸி இன்னும் ஒருபடி மேலே சென்றார். எல்லா மர்ஹலாவும் ஒரே நீளமுடையனவல்ல என்பதை உணர்ந்து, தமது கணக்கில் ஒரு மர்ஹலா ஆறேழு ஃபர்ஸக் என்று வரையறுத்தார். அதற்கு மிகுந்தனவற்றையும் குறைந்தனவற்றையும் எழுத்தின்மேல் புள்ளியிட்டு வேறுபடுத்திக் காட்டினார். ஒரு சொல் வாசகரை ஏமாற்றிவிடக் கூடாதே என்னும் அறிஞனின் கவலை அது.

இந்த அளவுகள் மிக நுட்பமாக ஆராயப்பட்ட இடம் ஃபிக்ஹு நூல்கள். பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பது சட்டக் கேள்வி. கொங்குப் பகுதியில் பெருவழக்காயுள்ள ஹனஃபி மரபு மூன்று நாள் பயணம் என்று விடை கூறுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை முதலான கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாஃபிஈ மரபு இரண்டு மர்ஹலா, அதாவது 48 ஹாஷிமி மைல் என்கிறது. மத்ரஸா மாணவர் எவரும் அறிந்த செய்தி இது. ஆனால் அந்த 'நாள்' எத்தகைய நாள் என்பதை ஹனஃபி உரையாசிரியர்கள் விளக்கும் விதம் நமது கவனத்துக்குரியது. ஆண்டின் மிகக் குறுகிய பகற்பொழுதை அவர்கள் கணக்கிற் கொள்கின்றனர். அதிலும் காலை முதல் உச்சிப்பொழுது வரை நடந்தால் போதும், இரவு வரை நடக்க வேண்டியதில்லை என்கின்றனர். நடை நடுத்தரமானதாக இருக்க வேண்டும். வழக்கமான ஓய்வுகளும் அதில் அடங்கும். ஷாஃபிஈ உரைகளும் சுமை தாங்கிய விலங்கின் நடையையே அளவாகக் கொண்டு, உண்ணவும் தொழவும் இறங்கித் தங்கும் நேரத்தைத் தூரத்தின் உள்ளேயே சேர்த்துவிடுகின்றன.

இங்கே ஓர் அரிய கருத்து பொதிந்திருக்கிறது. இச்சட்ட அறிஞர்களுக்கு ஓய்வு என்பது பயணத்துக்கு நேரும் தடையன்று. அது தூரம் என்னும் அளவின் உறுப்பு. வழிநடப்பவன் மனிதனாகவும் அவனைச் சுமப்பது உயிருள்ள விலங்காகவும் இருக்கும்வரை, ஓய்வை நீக்கிவிட்டுத் தூரத்தை அளக்க இயலாது என்பது அவர்களது நிலை. இந்த அளவைவிட விரைவாக ஒருவர் சென்றுசேரக்கூடும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். கடல்வழியே காற்றின் துணையால் அத்தூரத்தைச் சிறுபொழுதில் கடந்தவருக்கும் சலுகை உண்டென்று ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. வேகம் வந்தபோதும் அளவு மாறவில்லை. அந்த அளவுக்குள் வைக்கப்பட்ட ஓய்வும் பறிபோகவில்லை. பயணம் வேதனையின் ஒரு பகுதி, அது மனிதனின் ஊணையும் நீரையும் உறக்கத்தையும் தடுக்கிறது என்னும் கருத்துடைய நபிமொழியை இதனோடு இணைத்துப் பார்க்கலாம். பயணத்தின் விலை உறக்கம் என்பதை அந்நபிமொழி ஒளிவின்றிச் சொல்கிறது. அவ்விலையை யார் செலுத்துகிறார் என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி. பயண நூல்களை இக்கேள்வியோடு அணுகும்போது அவற்றின் தரவரிசையே மாறிவிடுகிறது.

ஐம்பது நாளும் ஐந்து நாளும்

இப்னு பதூதா 1333இல் சிந்துப் பகுதிக்கு வந்துசேர்ந்தார். அங்கிருந்து முஹம்மது பின் துக்ளக்கின் தலைநகரமாகிய தில்லிக்கு ஐம்பது நாள் பயணம் என்று எழுதுகிறார். உடனே, அரசின் செய்தியாளர் அங்கிருந்து எழுதும் கடிதம் சுல்தானுக்கு ஐந்தே நாளில் எட்டிவிடுகிறது என்றும் வியக்கிறார். ஒரே வழி, ஒரே ஊர்கள், பயணிக்கு ஐம்பது, கடிதத்துக்கு ஐந்து. இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டுக்குக் காரணமான அஞ்சல் முறையை அவர் விரிவாகவே வருணிக்கிறார். குதிரை அஞ்சல் ஒன்று, ஓட்டக்காரர் அஞ்சல் ஒன்று என அது இருவகைப்பட்டது. ஒரு மைலுக்கு மூன்று நிலைகளாக ஓட்டக்காரர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். ஒரு கையில் கடிதம், மறு கையில் செம்பு மணிகள் கட்டிய கோல். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையில் இருப்பவன் எழுந்து ஆயத்தமாவான். இவர்கள் குதிரையினும் விரைந்தனர் என்கிறார். குராஸான் நாட்டுப் பழங்கள் அழுகுமுன் சுல்தானின் உணவுக் களத்துக்கு வந்ததும், தில்லியை விட்டு தௌலதாபாதில் சுல்தான் தங்கியபோது நாற்பது நாள் தொலைவிலிருந்த கங்கையின் நீர் அவருக்குச் சென்றதும் இவ்வோட்டக்காரர்களின் கால்களால்தாம்.

வருணனை என்ற அளவில் இப்பகுதி சிறப்பானது. நிலைகளின் இடைவெளி, கோலின் நீளம், மணி என எதுவும் விடுபடவில்லை. ஓடியவன் மட்டும் விடுபட்டுவிட்டான். அவன் ஒரு நாளில் எத்தனை முறை ஓடினான், இரவில் மணியோசைக்காக விழித்திருந்தவன் எப்போது உறங்கினான் என்னும் கேள்விகள் அந்நூலில் எழவில்லை. மணியோசை கேட்கிறது; மூச்சு கேட்கவில்லை.

இதனைக் கொண்டு இப்னு பதூதாவை இரக்கமற்றவர் என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. மஅபர் பகுதியில் கியாஸுத்தீன் சுல்தான், சிறைப்பட்ட இந்துக்களையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் கொன்ற கொடுமையைத் தமக்கு விருந்தளித்த அரசனின் செயல் என்று பாராமல் வெறுப்போடு பதிவு செய்தவர் அவர். வெளிப்படையான வன்கொடுமை அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஒழுங்காக இயங்கும் ஏற்பாட்டினுள் மறைந்திருக்கும் துன்பம்தான் தப்பிவிடுகிறது. குருதி சிந்தினால் காண்கிறார். மணியடித்து ஓடினால் வியக்கிறார். இது அவருக்கு மட்டும் உரிய குறையன்று. ஆள்வோரின் விரைவைக் கண்டு மயங்கும் எழுத்து எக்காலத்திலும் இக்குறைக்கு ஆட்படுகிறது. இப்னு பதூதா சொல்லச்சொல்ல இப்னு ஜுஸய் எழுதி 1355இல் நிறைவுசெய்த நூல் அது என்பதையும், சுல்தானின் அவையில் பதவி வகித்த ஒருவரின் நினைவுகள் மற்றோர் அரசவைக்காக எழுத்தாயின என்பதையும் இங்கு மறந்துவிடலாகாது.

ஐதாப் துறையில் இப்னு ஜுபைர்

இப்னு ஜுஸய் தமது ஏட்டில் மக்கா, மதீனா, டமாஸ்கஸ் பற்றிய வருணனைகளுக்குப் பெரிதும் கடன்பட்டிருப்பது, அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட இப்னு ஜுபைரிடம். கிரனடாவைச் சேர்ந்த இப்னு ஜுபைர் 1183 பிப்ரவரியில் புறப்பட்டார். ஜெனோவா நகரத்தாரின் கப்பலில் ஏறி ஏறத்தாழ ஒரு மாதத்தில் அலெக்சாந்திரியா அடைந்தார். நைல் வழியே கூஸ் நகருக்கும், அங்கிருந்து பாலைவழியே செங்கடற்கரையின் ஐதாப் துறைமுகத்துக்கும் சென்றார். ஆகஸ்டில்தான் மக்காவினுள் நுழைந்தார். ஆறு மாதப் பயணம். ஐதாப் செல்லும் பாலைவழியில் இந்தியாவிலிருந்து வந்த மிளகுச் சுமைகள் மண்ணைப்போல மலிந்திருந்ததையும், ஒட்டக அணிகளை எண்ண முயன்று முடியாமல் கைவிட்டதையும் அவர் குறிப்பிடுகிறார். செங்கடலில் ஓடிய மரக்கலங்கள் ஆணியின்றித் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை என்னும் குறிப்பும் அவருடையதே. நமது கரையின் பொருளும் தொழில் நுட்பமும் அந்தக் கடலில் அன்றே கலந்திருந்தன.

ஐதாபிலிருந்து ஜித்தா, எதிர்க்கரைதான். அச்சிறு கடலைக் கடக்க அவருக்கு எட்டு நாள் போல ஆயிற்று. ஆனால் அவரது எழுத்து அந்த எட்டு நாளோடு நிற்கவில்லை. கலத்தின் சொந்தக்காரர்கள் ஒரே பயணத்தில் கலத்தின் முழுவிலையையும் ஈட்டிவிடக் கருதி, கூண்டில் கோழிகளை அடைப்பதுபோல ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவராக அடைத்ததை எழுதுகிறார். பலகைகள் தம் பொறுப்பு, உயிர்கள் ஹாஜிகளின் பொறுப்பு என்னும் கருத்தில் அத்துறைமுகத்தில் வழங்கிய பேச்சையும் பதிந்து வைக்கிறார். நூலின் கடுஞ்சினம் வெளிப்படும் இடம் இதுவே. ஹிஸ்பா என்னும் அங்காடிக் கண்காணிப்பு வேறெங்கும்விட இங்கேதான் தேவை என்கிறார். அதன்பின் அவர் கூறும் அறிவுரை நமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. இயன்றவர் ஐதாபைத் தவிர்த்து, சிரியா வழியாக இராக் சென்று பக்தாதின் ஹஜ் குழுவோடு சேர்ந்து செல்லட்டும் என்கிறார். அது நெடுஞ்சுற்று என்பதை அவர் அறிவார். ஆயினும் ஐதாபில் நேர்வதோடு ஒப்பிட்டால் அச்சுற்று எளிதே என்பது அவர் தீர்ப்பு.

கிலோமீட்டரில் நீண்ட வழி, துன்பத்தில் குறுகியதாக இருக்கலாம் என்று ஒரு பயண எழுத்தாளர் துணிந்து சொல்வது இங்கேதான். நாட்கணக்குக்குள் இருந்த மனிதரை அவர் கண்டெடுத்தார். அவர்கள் நிலையால் அந்நாட்கணக்கை எடைபோட்டார். பரப்பில் இப்னு பதூதாவுக்கு இணையானவர் எவருமிலர். ஆனால் தூரத்தைப் பற்றிய எழுத்தில் இப்னு ஜுபைரே உயர்ந்து நிற்கிறார் என்று நாம் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

திருப்பூரின் நாட்காட்டி

திருப்பூரில் எழுதப்படும் பயண நூலுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. கப்பல் அட்டவணையும் ஒப்பந்தத் தாளும் சேர்ந்ததே அந்நூல். அதில் ஐரோப்பாவுக்கான தூரம் ஒன்றல்ல, மூன்று. மாதிரி ஆடை விமானக் கூரியரில் சில நாட்களில் போய்விடுகிறது. ஒப்புதல் மின்னஞ்சலில் கணப்பொழுதில் வந்துவிடுகிறது. சரக்கோ தூத்துக்குடிக்குச் சாலை வழியே சென்று, பெரும்பாலும் கொழும்பில் பெருங்கப்பலுக்கு மாறி, செங்கடலும் சூயஸும் கடந்து வாரக்கணக்கில் பயணம் செய்கிறது. இம்மூன்றையும் ஒரே தேதிக்குள் இசைவிக்க வேண்டியது திருப்பூரின் பொறுப்பு.

அத்தேதி பின்னிருந்து முன்னாக எண்ணப்படுகிறது. கடையில் ஆடை தொங்கவேண்டிய பருவம் முதலில் உறுதியாகிறது. அதிலிருந்து கடற்பயணத்தைக் கழித்தால் கப்பலேற்றும் நாள். அதிலிருந்து பின்னோக்கிப் பேக்கிங், அயர்ன், செக்கிங், தையல், கட்டிங், சாயம், நிட்டிங், நூல் என்று நாட்கள் பங்கிடப்படுகின்றன. நூல் வரத் தாமதமாகலாம். சாயத்தின் நிறம் ஒத்துவராமல் துணி திரும்பலாம். மாதிரிக்கு ஒப்புதல் தள்ளிப்போகலாம். முன்கட்டங்களில் தின்னப்பட்ட நாட்கள் திரும்புவதில்லை. கப்பலேற்றும் நாளும் நகர்வதில்லை. எஞ்சியிருக்கும் கடைசிக் கட்டங்களே இழந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும். ஆகவே, எங்கோ நேர்ந்த தாமதம் தையல்காரரின் இரவாகவும், அவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியின் இரவாகவும், பிசிறு பார்க்கும் செக்கிங் பெண்ணின் இரவாகவும் உருமாறுகிறது. 'ஒன்றரை ஷிப்ட்' என்னும் சொல் திருப்பூரில் பிறந்து நிலைபெற்ற வரலாறு இதில் அடங்கியுள்ளது. பகல் முறையோடு அரை முறை கூட்டி ஒரு நாள் வேலை பன்னிரண்டு மணி நேரம் வரை நீள்வதை அச்சொல் இயல்பாக்கிவிட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் நிறைவேறியதும், கடும் எதிர்ப்புக்குப் பின் மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். சட்டம் தயங்கி நின்ற இடத்தை வழக்குச் சொல் எப்போதோ கடந்திருந்தது.

இக்கணக்கு இயல்பு நிலைக்குரியது. அது குலைந்த காலம் ஒன்றும் வந்தது. 2023 நவம்பர் 19ஆம் நாள் செங்கடலில் கேலக்ஸி லீடர் என்னும் கப்பல் ஹூத்திகளால் கைப்பற்றப்பட்டது. டிசம்பரில் பெரும் கப்பல் நிறுவனங்கள் பல செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதால் சுருங்கியிருந்த உலகம் சட்டென்று விரிந்தது. ஒருவழிப் பயணத்துக்குப் பத்து முதல் பதினான்கு நாட்கள் கூடுதலாயின. இப்னு ஜுபைர் ஒருகாலத்தில் தவிர்க்கச் சொன்ன அதே கடலை இப்போது எஃகுக் கப்பல்கள் தவிர்த்தன, நெடுஞ்சுற்றுக்குப் போயின. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. உள்ளே ஒரு வேறுபாடுண்டு. நெடுஞ்சுற்றின் கூடுதல் நாட்களைப் பயணியே ஏற்றுக்கொள்ளட்டும், உயிர் தப்பட்டும் என்பது இப்னு ஜுபைரின் அறிவுரை. இன்றைய நெடுஞ்சுற்றிலோ கடை திறக்கும் நாள் மாறாது நிற்க, கூடிய நாட்கள் உற்பத்தியின் பக்கம் தள்ளப்படும் நெருக்கடி உண்டாகிறது. சரக்கு கடலில் தங்கும் நாள் கூடினால் பணம் வந்துசேரும் நாளும் தள்ளிப்போகும். சிறு ஏற்றுமதியாளரின் வங்கிக் கடன் நீளும்; அவரிடம் ஜாப் ஒர்க் செய்பவரின் கூலி நிற்கும்.

அந்த மாதங்களில் வெளிவந்த செய்திகளையும் கட்டுரைகளையும் விமரிசனக் கண்ணோடு நோக்கினால் இப்னு பதூதாவின் நடை மீண்டும் தென்படுகிறது. கண்டெய்னர் கட்டணம் எத்தனை டாலர் உயர்ந்தது, காப்பீடு எவ்வளவு கூடியது, கடல் மைல் எத்தனை என்று எல்லாம் துல்லியமாகச் சொல்லப்பட்டன. 2024 மார்ச் 6ஆம் நாள் ட்ரூ கான்ஃபிடென்ஸ் என்னும் கப்பல் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் உயிரிழந்தபோது மனிதர் ஒரு நாள் தலைகாட்டினர். அதன்பின் மீண்டும் கட்டணப் பட்டியல். குருதி சிந்தினால் காண்பதும், ஒழுங்காக நடந்தால் காணாதிருப்பதும் ஆன அதே பார்வைக்குறை இது.

எழுதப்பட்ட திருப்பூர்

திருப்பூரைப் பற்றிய எழுத்து இல்லாமல் இல்லை. ஒரே ஆண்டில் வெளியான இரண்டு நூல்களை இங்கே கருதலாம். ஷரத் சாரியின் 'ஃப்ரட்டர்னல் கேபிட்டல்' 2004இல் வந்த ஆங்கில ஆய்வு நூல். தொழிலாளராக இருந்து முதலாளியானவர்கள் தங்கள் ஏற்றத்தை 'உழைப்பு' என்னும் ஒரே சொல்லால் விளக்கிக்கொள்வதை அது எடுத்துக் காட்டுகிறது. அச்சொல் பெருமைக்குரியது. அதே சமயம், பிறருடைய உழைப்புக்கு எல்லை வகுக்கும் தேவையை மறைத்துவிடும் ஆற்றலும் அதற்குண்டு. நானும் இரவெல்லாம் விழித்தவன்தானே என்று சொல்பவரிடம் மற்றவர் உறக்கத்துக்காக வாதாடுவது கடினம். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' அதே 2004இல் வந்த நாவல். திருப்பூரில் வளர்ந்து பனியன் தொழிலின் சுழலுக்குள் இழுக்கப்படும் நண்பர்களின் வாழ்வை அது சொல்கிறது. காலத்தை அளக்கும் கருவியொன்றைத் தலைப்பாக்கியதன் வழியே அவ்வூரின் மையப் பொருள் காலமே என்பதை அந்நாவல் உணர்ந்திருக்கிறது. பொருளாதாரக் கட்டுரைகள் 'டாலர் சிட்டி' என்று பணத்தால் பெயரிட்ட ஊருக்கு நாவலாசிரியர் காலத்தால் பெயரிட்டார். விமரிசகர்கள் போதிய அளவு எண்ணிப் பார்க்க வேண்டிய வேறுபாடு இது.

இன்று எழுதப்பட வேண்டியதாக எஞ்சியிருப்பது மற்றொரு தூரம். தன்பாத்தில் புறப்பட்டு ஆலப்புழை வரை செல்லும் விரைவு ரயில் ஏறத்தாழ இரண்டு நாளில் திருப்பூரை அடைகிறது. ஜார்க்கண்டு, பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் எனக் கிழக்கிலிருந்து வரும் இளைஞர்களை அதுபோன்ற ரயில்கள் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் கல்கத்தாவைப் பார்த்துத் தொழில் கற்ற ஊருக்கு, இப்போது அத்திசையிலிருந்தே தொழிலாளர் வருகின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் கணிசமானவர்கள். திருப்பூர்ப் பள்ளிவாசல்களின் ஜும்ஆ வரிசைகளில் வங்காளமும் உருதுவும் பேசுவோர் நம் அருகே நிற்கின்றனர். ஃபிக்ஹு நூற்களின் கணக்கில் அவர்கள் கடந்து வந்தது பல மர்ஹலாக்கள். வந்த வழிக்கு நாமும் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஆனால் வந்தபின் ஒவ்வோர் இரவும் அவர்கள் ஹாம்பர்க்குக்கும் நியூயார்க்குக்கும் இடையே கடக்கும் தூரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, பயணத்தின் வேதனையாகிய உறக்கமின்மையை முழுதும் ஏற்கும் பயணி அவர். ஆடை பயணம் செய்கிறது. உறக்கம் இங்கே கழிகிறது.

ஒரு மறுப்பு இங்கே எழக்கூடும். ஒன்றரை ஷிப்ட் எவர் மீதும் திணிக்கப்படுவதில்லை, அதிக நேர வேலை கிடைக்கும் கம்பெனியைத் தொழிலாளரே தேடிச் செல்கின்றனர், ஊருக்கு அனுப்பும் பணம் அதிலிருந்துதானே வருகிறது என்பர். இது உண்மை; புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் ஐதாபின் கலத்தில் ஏறிய ஹாஜிகளும் தாமே விரும்பி ஏறியவர்கள்தாம். கட்டணம் கொடுத்து ஏறியவர்கள். அவர்களது விருப்பத்தைக் காட்டிக் கலத்துச் சொந்தக்காரரை இப்னு ஜுபைர் விடுவிக்கவில்லை. வேறு வழியற்றவன் ஏறுகிறான் என்பதாலேயே பலகையின் பொறுப்பு உயிரின் பொறுப்பினின்று பிரிந்துவிடாது என்பது அவர் கண்ட நியாயம். இன்னொரு மறுப்பு, பழியைத் திருப்பூர் முதலாளியின் மேல் மட்டும் சுமத்துவது முறையா என்பது. முறையன்று. தேதியை விதிப்பவர் கடல்கடந்து இருக்கிறார். தாமதமானால் விமானச் செலவை ஏற்க வேண்டியவராகத் திருப்பூர்க்காரரே நிற்கிறார். கலத்தின் சொந்தக்காரர் ஐதாபில் கண்முன் இருந்தார். இன்று அவர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறார். ஆதலால் எழுத்தாளரின் பணி கடினமாகியிருக்கிறது, குறையவில்லை.

திருக்குர்ஆனின் சபா அத்தியாயம் ஒரு சமூகத்தைக் காட்டுகிறது. அவர்களுக்கு வழிநெடுக ஊர்கள் அருகருகே அமைந்திருந்தன; பயணம் அளவோடு வகுக்கப்பட்டிருந்தது; இரவும் பகலும் அச்சமின்றிச் செல்ல முடிந்தது. அவர்களோ தங்கள் பயணங்களுக்கிடையே தொலைவை நீட்டுமாறு வேண்டித் தமக்குத்தாமே தீங்கிழைத்துக்கொண்டனர். ஏன் அவ்வாறு வேண்டினர்? நமது மத்ரஸாக்களில் ஓதப்படும் ஜலாலைன் உரை தரும் விளக்கம் ஆழமானது. வாகனமும் கட்டுச்சோறும் தண்ணீரும் தம்மிடம் இருப்பதை ஏழைகளிடம் காட்டிப் பெருமைகொள்ளவே தொலைவை விரும்பினர் என்கிறது அது. தூரம் வலியவனுக்கு ஒன்றாகவும் எளியவனுக்கு வேறாகவும் இருப்பதில் வலியவனுக்கு ஓர் ஆதாயம் உண்டு என்பதை அவ்வுரையாசிரியர் அறிந்திருந்தார். ஐம்பது நாளும் ஐந்து நாளும் ஒரே வழியில் இருந்ததன் பொருள் அதுவே.

ஆக, பயண எழுத்தை மதிப்பிட நாம் முன்வைக்கும் அளவுகோல் எளியது. எவ்வளவு தொலைவு என்பதை எவரும் எழுதலாம். எத்தனை நாள் என்பதை அட்டவணையே சொல்லிவிடும். அந்த நாட்களைக் குறைத்தவர் யார், அதற்காக அவர் எதை இழந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் எழுத்தே நிறைவான எழுத்து. இவ்வளவுகோலால் இப்னு பதூதாவையும் இப்னு ஜுபைரையும் மீண்டும் படிக்க வேண்டும். திருப்பூரைப் பற்றி வெளிவரும் நாவலையும் ஆய்வையும் செய்திக் கட்டுரையையும் இவ்வாறே படிக்க வேண்டும். ஓய்வைத் தூரத்தின் உறுப்பாக்கிய சட்ட மரபு நம்மிடம் இருக்கிறது. அதனைத் தொழுகைச் சலுகையின் பாடமாக மட்டும் சுருக்கிவிட்டோம். திருப்பூரில் தொழில் நடத்தும் முஸ்லிம்களும், அங்கே ஜும்ஆ உரை நிகழ்த்தும் ஆலிம்களும், அவ்வூரை எழுத முற்படும் இளைஞர்களும் அம்மரபிலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால் போதும். கப்பலேற்றும் நாளை எண்ணும்போது, அந்த நாட்களுக்குள் உறக்கத்துக்கு இடம் வைத்திருக்கிறோமா? வைக்கவில்லையென்றால், நமது கணக்கில் தூரம் தவறாக அளக்கப்பட்டிருக்கிறது.